வலி நோட்டு

நவம்பர் 3, திங்கள்

இன்றைக்கு எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. வலி நோட்டுக்குப் பொறுப்பாளர்.

இனிமேல் சனிக்கிழமைதோறும் எங்கள் விளையாட்டு விடுதிக்கு வரப்போகிற பிசியோதெரபி நஸ்ரின் மேடம் செய்த ஏற்பாடு இது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. தினமும் காலையில் ஓடி முடித்ததும், வாலிபால் அணியில் இருக்கிற பன்னிரண்டு பேரும் உடம்பில் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லை என்றால் பத்து. ஒருத்தி பேர் கூப்பிட்டு எழுத வேண்டும். "யாருக்கு வேலை கம்மி?" என்று மேடம் கேட்டார். எங்கள் கோச் பால்துரை சார் யோசிக்கவே இல்லை. "சங்கரேஸ்வரி சும்மாதான் நிக்கிறா, அவகிட்டக் குடுங்க" என்றார்.

சும்மாதான் நிற்கிறேன். ஆனால் ஜூன் மாதம் வரைக்கும் சும்மா நிற்கவில்லை. வலைக்கு முன்னால் இடது ஓரம், நாலாம் இடம், என்னுடையது. பந்தைத் தூக்கிக் கொடுத்ததும் ஓடி வந்து எழும்பி அடிக்கிற இடம். பத்தாம் வகுப்பு முழுக்க நான்தான் அடித்தேன். பதினொன்றாம் வகுப்புக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ கடலோரத்து ஊரிலிருந்து ஜெபினா வந்து சேர்ந்தாள். என்னைவிட நாலு விரல் உயரம். முதல் நாள் அவள் அடித்த பந்து எதிர்ப்பக்கம் தரையில் பட்டு எழும்பி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போயிற்று. சார் பந்தைத் தேடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நான் ரிசர்வ். ஏழாம் நம்பர் பனியனும் அவளுக்குப் போய்விட்டது. விடுதியில் அவள் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில், காலையில் கண் விழித்ததும் அவள் முகம்தான்.

அவள் எல்லோரையும் "ஏட்டி" என்பாள். எங்கள் பக்கத்தில் அடியே என்போம், ஏட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்து மாதத்தில் விடுதி முழுக்க ஏட்டி ஏட்டி என்று கிடக்கிறது. வார்டன்கூட ஒரு நாள் சொல்லிவிட்டார். நான் மட்டும் சொல்வதில்லை.

இந்த டைரி அப்பா வேலை பார்க்கிற தீப்பெட்டிக் கம்பெனியில் கொடுத்தது. பத்து மாதம் சும்மா கிடந்தது. பொறுப்பாளர் ஆகிவிட்டேனே, இதையும் எழுதிப் பார்க்கலாம்.

நவம்பர் 4, செவ்வாய்

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சைபர்.

மேடம் சொன்னது பூஜ்யம். ஆனால் பால்துரை சார் பேச்சில் அது சைபர். "வலி சைபர்னு நெனச்சா சைபர்" என்று சார் தினமும் சொல்வார். அதனால் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" சொல்வது போல எல்லோரும் "சைபர்" என்கிறார்கள். கேப்டன் வைரமணிக்குக் கணுக்கால் பூரி மாதிரி வீங்கியிருக்கிறது, சைபர். காவ்யா பாத்ரூமில் இருந்தாள், அவளுக்குப் பதிலாக அவள் தோழி சைபர் சொன்னாள். நானும் என் பேரை நானே கூப்பிட்டு நானே சைபர் சொல்லி எழுதிக்கொண்டேன்.

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் நாலு படம் பாக்கி.

நவம்பர் 8, சனி

மேடம் நோட்டைப் புரட்டிவிட்டு எங்களை வரிசையாக உட்கார வைத்தார்.

"பன்னெண்டு பேர், அஞ்சு நாள். அறுபது பூஜ்யம். நீங்கள்லாம் பிள்ளைங்களா, இல்ல இரும்புக் கம்பியா?"

எல்லோரும் சிரித்தோம். மேடம் சாரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன சார்?" என்றார். "எனக்கா? சைபர் மேடம்" என்றார் சார். சாருக்கு வலது முட்டி மடங்காது. காலேஜில் ஆடும்போது போனது. தரையில் உட்கார மாட்டார், படி ஏறும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறுவார். பதில் சொல்லிவிட்டு வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

நவம்பர் 12, புதன்

நாலு நாளாக மழை விடவில்லை. மண் ஆடுகளம் குளமாகிவிட்டது. பிராக்டிஸ் எல்லாம் பிரேயர் ஷெட்டில்தான், சிமெண்ட் தரையில். காலையில் நூறு குதி, சாயங்காலம் நூறு குதி. சாக்ஸ் காயவில்லை, ஈர சாக்ஸையே போட்டுக்கொண்டு போனோம். அறை முழுக்க நாற்றம்.

மத்தியானம் ஜெபினா முட்டையை என் தட்டில் போட்டாள். ஒரு மாதமாகத் தினமும் போடுகிறாள். "உடம்பு லேசா இருந்தாத்தான் மேல எழும்பும்" என்று சார் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். முட்டை வேண்டாம், சோறு பாதிதான். எழும்பட்டும். நான் இரண்டு முட்டை தின்றேன்.

மூன்று மாதமாக அவளுக்கு மாதவிடாயும் வரவில்லை. எனக்கோ இருபத்தெட்டாம் நாள் மணி அடித்தாற்போல வந்து இரண்டு நாள் இடுப்பை ஒடித்துவிட்டுப் போகிறது. இதில்கூட அவள் கொடுத்து வைத்தவள்.

நவம்பர் 15, சனி

மேடம் இன்றைக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். தன் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தடவிக் காட்டி, "இங்க, இந்தப் பக்கம்லாம் வலிக்குதுன்னு கையால தடவிக் காட்டுனா அது பெரும்பாலும் சதை. ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்துப் பாக்கலாம். ஆனா இந்த இடம்னு ஒத்த விரல வச்சுக் காட்டுனா அது எலும்பா இருக்கலாம். அத மட்டும் மறைக்காதீங்க. எலும்புல முடி மாதிரி ஒரு விரிசல் விழும். அதோட குதிச்சுக்கிட்டே இருந்தா ஒரு நாள் ரெண்டா போயிரும்" என்றார்.

"தடவினா சதை, தொட்டா எலும்பு" என்று வைரமணி பாட்டாகப் பாடினாள். சாயங்காலம் வரை அதையே பாடிக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 18, செவ்வாய்

துணி துவைக்கப் போனேன். துவைக்கிற கல்லில் ஜெபினா தனியாக உட்கார்ந்திருந்தாள். ட்ராக் பேண்டை முட்டி வரை சுருட்டி, இடது கால் முன்னெலும்பில் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே இடத்தில் அமுக்கினாள்.

ஒற்றை விரல்.

என்னைப் பார்த்ததும் பேண்டை இறக்கிவிட்டு, "ஏட்டி, சோப்பு இருக்கா?" என்றாள். கொடுத்தேன்.

காலையில் அவள் சொன்னது சைபர். நான் எழுதியதும் சைபர். அவள் சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. சொல்லாததை எழுத நான் யார்?

பொழுது போகாததற்கு இங்கே குறித்து வைக்கிறேன். ஜெபினா: நோட்டில் 0. நான் பார்த்தது 3.

நவம்பர் 21, வெள்ளி

மாவட்டப் போட்டி. ஜெயித்துவிட்டோம். மாநிலத்துக்குப் போகிறோம், டிசம்பர் 17.

கடைசி ஆட்டத்தில் ஜெபினா மட்டும் பதினான்கு பாயிண்ட். எதிர் அணிக் கோச் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ்ஸில் சார், "இவள மாதிரி ஒருத்தி இருந்தாப் போதும்டா, மிச்ச பேரு நின்னாக்கூடப் போதும்" என்றார். நான் நின்றேன். கோர்ட்டுக்கு வெளியே நாலு மணி நேரம் நின்று, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்து, கை தட்டினேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அவள் தலை கனமாக இருந்தது, தள்ளிவிடலாம் என்று நினைத்தும் தள்ளவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது காலை வைத்து, அப்புறம் இடது காலை மெல்ல எடுத்து வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 22, சனி

0. நான் பார்த்தது 4.

மேடமுக்கும் சாருக்கும் லேசாக வாக்குவாதம். "சிமெண்ட் தரையில இத்தன தடவ குதிக்க விடாதீங்க சார். பாதியாக் குறைங்க. வாரத்துக்கு ஒரு நாள் முழுசா லீவு விடுங்க" என்றார் மேடம். "மழ நிக்கட்டும் மேடம், மண்ணுக்குப் போயிருவோம். மாநிலம் வருதுல்ல" என்றார் சார். சாயங்காலம் நூற்றைம்பது குதி.

நவம்பர் 25, செவ்வாய்

0. 5.

மாடிப்படி ஏறும்போது சார் மாதிரியே பக்கவாட்டில் திரும்பி ஏறுகிறாள். பார்த்துவிட்டுச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

மாநிலத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். இந்த வேகத்தில் போனால் அதற்குள் அவள்

எழுத வேண்டாம்.

நவம்பர் 28, வெள்ளி

0. 5. கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். தலையில் பேன். வைரமணிதான் கொடுத்திருப்பாள்.

சாரிடம், "சார், நானும் கொஞ்ச நேரம் நாலாம் இடத்துல அடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

டிசம்பர் 1, திங்கள்

0. 6.

சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்ததும் ஜெபினா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏட்டி சங்கரி, ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். கால் வலி தாங்க முடியல."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினாள். எனக்குத்தான் தெரியுமே.

"மேடம்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா ஒக்கார வச்சிருவாவோ. மாநிலத்துல ஆடுனாத்தான் ஸ்டேட் டீம்ல எடுப்பாவோ. அதுல எடுத்துட்டா வெளையாட்டுக் கோட்டாவுல காலேஜ் கெடைக்கும். எங்கக்கா பத்தோட நின்னுட்டா. நான் நிக்க மாட்டேன். பதினேழாந்தேதி வர தாங்கிட்டாப் போதும். நீ யாருட்டயும் சொல்லிராதட்டி. நீதான நோட்டு எழுதுத, அதான் ஒங்கிட்டச் சொல்லுதேன். சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த விடுதியில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை நம்புகிறாள்.

எனக்கு வசதியாகப் போயிற்று. இனிமேல் யாராவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சத்தியம் வாங்கிவிட்டாள் என்று சொல்லிவிடலாம்.

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். பேனா மை அழுந்தி அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது. கிடக்கட்டும்.

டிசம்பர் 6, சனி

0. 6.

மேடம் இன்றைக்கு ஆண்கள் யாரும் இல்லாமல் எங்களோடு தனியாகப் பேசினார். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அது அதிர்ஷ்டம் இல்லையாம். ஓடுகிற ஓட்டத்துக்கும் குதிக்கிற குதிக்கும் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாம். அப்படியே விட்டால் எலும்பு மெலிந்து, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாத வேலைக்கே விரிசல் விடுமாம். "சாப்பாட்டக் குறைக்கிறவங்க யாராவது இருந்தா எங்கிட்டத் தனியா வந்து சொல்லுங்க" என்றார். ஜெபினா தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது மேடம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "நீ எழுதுறது அவங்க சொல்றதையா, நீ பாக்குறதையா?"

"சொல்றத மேடம்."

"சரி" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானம் ஜெபினா முட்டையை எடுத்து என் தட்டுக்குக் கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை, வேண்டாம் என்று சொன்னேன். அவள் வைரமணியின் தட்டில் போட்டாள். எனக்கு என் முட்டையும் இறங்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

0. 7.

மழை நின்றுவிட்டது. மண் இன்னும் காயவில்லை, அதனால் ஷெட்தான். குதித்து இறங்கும்போது ஜெபினா பனியன் காலரைக் கடித்துக்கொள்கிறாள். காலரில் பல் பட்டுப் பொத்தல் விழுந்திருக்கிறது. என் பழைய ஏழாம் நம்பர் பனியன்.

டிசம்பர் 11, வியாழன்

0. 7.

இன்றைக்கு உட்கார்ந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன்.

3, 3, 3, 4, 4, 4, 5, 5... வேறெதுவும் எழுதாத நாளில்கூட எண்ணை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறேன். கெமிஸ்ட்ரி ரெக்கார்டைக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. வேறு யாராவது படித்தால், என்ன அக்கறையான பிள்ளை என்று நினைப்பார்கள். எனக்குத் தெரியும். மீன் அரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற பூனைக்கும் அக்கறைதான்.

எழுதிவிடுகிறேன். அவள் ஒடிய வேண்டும் என்று காத்திருந்தேன். நான் தள்ளிவிட வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. அவள் விழுந்ததும் முதல் ஆளாக ஓடிப் போய்த் தூக்கி, அழுது, அப்புறம் ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்த அழுகையைக்கூட மனதில் அழுது பார்த்திருக்கிறேன். நன்றாக வந்தது.

அவள் ஆறு மாதமாகப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, விளக்கு அணைக்கும் முன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்குகிறாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் "ஜெபினா?" என்றேன். "சைபர்" என்றாள். எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன். அவள் கவனிக்கவில்லை.

மத்தியான இடைவேளையில் நோட்டை எடுத்துக்கொண்டு யாரும் இல்லாத லேபுக்குப் போனேன். நவம்பர் 18 முதல் இன்றைக்கு வரை, போட்டி நாளைத் தவிர இருபத்து நாலு நாள். இருபத்து மூன்று சைபரையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் டைரியில் இருக்கிற எண்ணை எழுதினேன். இன்றைய காலிக் கட்டத்தில் 8. கடைசியில், 'இடது கால் முன்னெலும்பு. ஒற்றை விரல். நாலு மாதமாக மாதவிடாய் இல்லை. முட்டை சாப்பிடுவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதும்போது அடிக்கடி கதவைப் பார்த்தேன். நல்ல காரியம் செய்கிறவர்கள் கதவைப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை. மாநிலத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான். இப்போது கொடுத்தால் அவள் இடம் எனக்கு. இதே நோட்டை மூன்று வாரத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் ஒருவேளை அவள் கால் தேறி அவளே ஆடியிருப்பாள். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 13, சனி

கொடுத்துவிட்டேன்.

மேடம் நின்றபடியே படித்தார். ஜெபினாவைக் கூப்பிட்டு, இடது காலில் மட்டும் நின்று ஒரே ஒரு தடவை குதிக்கச் சொன்னார். குதிக்கவில்லை. குதிப்பதற்குக் காலை மடக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுக்க ஆட்டோவில் போனார்கள். சாயங்காலம் வந்தார்கள். எலும்பில் விரிசல். முழுதாக ஒடியவில்லை. "இன்னும் நாலஞ்சு நாள் இந்தக் கால வச்சுக் குதிச்சிருந்தா கோர்ட்லயே ரெண்டாப் போயிருக்கும், அப்புறம் கம்பி வச்சுத்தான் எழுப்பணும்" என்று டாக்டர் சொன்னாராம். எட்டு வாரம் குதிக்கக் கூடாது. தட்டில் வைக்கிறதை முழுசாகச் சாப்பிட வேண்டும்.

மேடம் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை வைத்து, "இவதான் உண்மையான தோழி" என்றார். வைரமணி கை தட்டினாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

சார் மட்டும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நவம்பர் பதினெட்டா?" என்றார். "அன்னைலருந்து பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா சார்."

"நானும் தினம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார் சார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜெபினா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பாமலே பேசினாள்.

"எடம் வேணும்னு கேட்டுருந்தா நானே குடுத்துருப்பேனே, சங்கரேஸ்வரி."

ஏட்டி இல்லை. சங்கரி இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற முழுப் பேர். இல்லை, உன் காலுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதி பொய்யாக இருக்கும். மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

ஏழாம் நம்பர் பனியன் என் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. துவைத்து, காலர்ப் பொத்தலைத் தைத்து. அவள்தான் வைத்திருக்க வேண்டும். கேட்க முடியவில்லை, அதற்குள் அவள் அக்கா வந்து அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

டிசம்பர் 17, புதன்

மாநிலம். முதல் ஆட்டம் ஜெயித்தோம். நாலாம் இடத்தில் நான்.

டிசம்பர் 18, வியாழன்

இரண்டாவது சுற்றில் தோற்றோம். நான் அடித்ததில் பாதி வலையில். எனக்குப் பந்து வரும்போதெல்லாம் இதை அவள் எப்படி அடித்திருப்பாள் என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய. அவளுக்கு எழும்புகிற உயரம் எனக்கு வராது. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆறு மாதமாக ஆசைப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, ஊரில் காலை நீட்டிப் படுத்திருக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கும்போது சார், "லீவு முடிஞ்சு வந்ததும் மண்ணுலதான் ஆடுவோம். காயலன்னா ஆட வேண்டாம்" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

வீட்டில் இருக்கிறேன். தெருச் சுவரில் தினமும் இருநூறு பந்து அடிக்கிறேன். அவள் வருவதற்குள் அவளை மாதிரி அடிக்க வேண்டும். வலது தோளில் லேசாக ஏதோ பிடித்திருக்கிறது. சைபர்தான்.

ஜனவரி 5, திங்கள்

நேற்று சாயங்காலம் விடுதி திறந்துவிட்டது. ஜெபினா ஊன்றுகோலோடு வந்திருக்கிறாள். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, நன்றாக இருக்கிறது. எல்லோரும் ஏட்டி ஏட்டி என்று சூழ்ந்துகொண்டார்கள். என்னைத் தாண்டிப் போய்த் தன் கட்டிலில் பையை வைத்தாள்.

இன்று காலையில் ஓடி முடித்ததும் சார் நீல நோட்டை எடுத்து வந்தார். யார் சும்மா நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். ஜெபினாவிடம் கொடுத்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேர் கூப்பிட ஆரம்பித்தாள். வைரமணி, "கணுக்கால் ரெண்டு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. காவ்யா இடுப்பு மூன்று. சைபர் சொன்னவர்களும் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்கள். என் பேர் வந்தது.

"சங்கரேஸ்வரி?"

"சைபர்."

அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வலது தோளைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து நான் இடது கையால் வாளி தூக்கியதை, இடது கையால் தலை சீவியதை, பக்கத்துக் கட்டிலிலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்த மாதிரியே.

வரிசை கலைந்ததும் கிட்டே போனேன்.

"பழி வாங்கப் போறியா?" என்றேன்.

"ஆமா" என்றாள். கண் என் மேலேயே இருந்தது. "வலிக்கா, இல்லையா? அதச் சொல்லுட்டி."

வலது தோளைத் தடவினேன்.

"வலிக்குது."

"எத்தன?"

"நாலு."

அவள் கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். சனிக்கிழமை மேடம் பார்த்தால் எப்படியும் இரண்டு வாரம் உட்கார வைத்துவிடுவார். என் இடத்தில் காவ்யா நிற்பாள். இப்போதே காவ்யாவைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

மத்தியானம் ஜெபினா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் முட்டையைத் தின்று முடித்தாள். அப்புறம் என் தட்டிலிருந்த முட்டையையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

தோள் வலி நாலுதான் இருக்கும். ஐந்தெல்லாம் கிடையாது.